லிஃப்ட்டில் ஏறும்போது கண் கதவில் இருக்கட்டும்

கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ கிளினிக் போகிற நம்ம தோட்டத்துப் பெரியவர்கள் சிலர், லிஃப்ட் இருந்தும் முழங்கால் வலியோடு படியில்தான் ஏறுவார்கள். கயிறு அறுந்து விழுந்துவிடுமோ என்கிற பயம். அந்தப் பயம் வேண்டாம். கயிற்றில் ஓடும் லிஃப்ட்டுக்கு எஃகு வடங்கள் பல இருக்கும், அதற்கும் மேலே, பெட்டி அளவு மீறி வேகமாக இறங்கினால் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்துகிற தடையும் தனியாக உண்டு. இந்த மாதிரித் தடையை உருவாக்கிய எலிஷா ஓடிஸ் 1854இல் நியூயார்க்கில் தான் நின்ற மேடையின் கயிற்றை எல்லார் முன்னாலும் வெட்டச் சொல்லி இதைத்தான் காட்டினார்.

கவனிக்க வேண்டியது கதவை. திறந்ததும் காலை வைக்காமல் முதலில் கீழே பாருங்கள்: பெட்டி வந்து நிற்கிறதா, தரையோடு சமமாக நிற்கிறதா? பழுதான லிஃப்ட்டில் பெட்டி வராமலே கதவு திறப்பதுண்டு, ஒரு அங்குலம் ஏறி இறங்கி நின்றாலும் வயதானவர்களுக்குக் கால் தடுக்கும். வாசலில் உள்ள நீள இடுக்கில்தான் ஊன்றுகோல் நுனியும் குடைக் கம்பியும் மாட்டும். சக்கர நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு ஏறுங்கள், பெரிய சக்கரம் முதலில் தாண்டிவிட்டால் சின்னதை லேசாக இழுத்துவிடலாம். நம்ம ஊர் மழையில் செருப்பு எப்போதும் ஈரம், அதனால் துடைத்துவிட்டு ஏறி, உள்ளே கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடுகிற கதவுக்கு நடுவே கையை நீட்டாதீர்கள். சாரி முந்தானை, சால்வை நூல் மாதிரி மெல்லியதை, நடுவில் ஏதாவது இருந்தால் கதவை மறுபடி திறக்கவைக்கிற சென்சர் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

பிள்ளைகளைக் கையில் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். கதவில் கையை ஊன்றி நிற்க விடாதீர்கள், திறக்கும்போது கதவு பக்கச் சுவருக்குள் போகும், விரலும் கூடவே போகும். பிள்ளை தனியாக உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்: கதவு திறக்கிற மாடியில் இறங்கி அங்கேயே நில், நாங்கள் வருகிறோம். இது ரொம்ப முக்கியம்.

ஆள் கூடி பெல் அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்கிவிடலாம், சண்டை வேண்டாம். நெருப்பு என்றால் படிதான்.

சரி, கரண்ட் போய் நடுவில் நின்றுவிட்டால்? ஜெனரேட்டர் வரக் கொஞ்ச நேரமாகும். பெட்டியில் காற்றோட்டத்துக்கு வழி இருக்கிறது, மூச்சு முட்டாது. மணி படம் போட்ட பட்டனை அழுத்திப் பிடியுங்கள், சிக்னல் இருந்தால் போன் எடுங்கள், யாருக்காவது சுகமில்லை என்றால் 1990 அம்புலன்ஸ். அப்புறம் உட்கார்ந்து காத்திருங்கள். கதவை நெம்பித் திறந்து குதிக்கவே கூடாது, பெட்டி பாதி மாடியில் நிற்கும்போது அதன் அடியில் இருப்பது வெறும் குழி, குதித்தவர் அதற்குள்தான் சரிவார்.

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. கொழுந்தை வாட்டுவதற்கு மேல் மாடிக்கு ஏற்றுகிற சாமான் லிஃப்ட், ஆள் ஏறுவதற்குச் செய்தது இல்லை, மேலே சொன்ன தடையும் கதவுப் பூட்டும் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. மூட்டையோடு சேர்ந்து ஏறுகிற தம்பிமாரை அங்கேயே இறக்கிப் படியில் அனுப்புங்கள்.