பவர் கண்ணாடிக்குப் பக்கக் காப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேத் பட்டறையிலும் வெல்டிங் கடையிலும் கல் வேலை நடக்கும் இடங்களிலும் நாற்பது வயதைக் கடந்தவர்கள் பலர் வெள்ளெழுத்துக்காகப் பவர் கண்ணாடி அணிந்தபடியே வேலை செய்கிறார்கள். முகத்தில் ஏற்கெனவே ஒரு கண்ணாடி இருப்பதால், அதன்மேல் இன்னொரு காப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வது தொல்லையாகப் படுகிறது. ஆகவே இருக்கிற கண்ணாடியின் இருபுறமும் சைடு ஷீல்டு எனப்படும் பக்கக் காப்பைச் செருகிக்கொள்வதே எளிய வழி என்று தோன்றுகிறது. அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆங்கிள் கிரைண்டரின் பொறியும் உளி முனையின் சிதறலும் நேர் எதிரிலிருந்து மட்டும் வருவதில்லை. பக்கத்து மேசையில் வேலை செய்பவரிடமிருந்தும், சுவரில் பட்டுத் திரும்பியும், நாம் தலையைத் திருப்பும் நொடியில் லென்ஸின் ஓரத்துக்கும் கன்னப்பொறிக்கும் இடைப்பட்ட சந்தின் வழியாகவும் அவை வருகின்றன. அந்தச் சந்தை அடைப்பதுதான் பக்கக் காப்பின் வேலை. அந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதையும் அது செய்யாது என்பதை மறக்கும் இடத்தில்தான் தவறுகள் தொடங்குகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பக்கக் காப்பைச் செருகியவுடன் சாதாரணக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாகிவிட்டது என்று நம்புவது. சன்னலுக்குக் கம்பி போட்டுவிட்டு வாசற்கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது அது. அன்றாடப் பவர் லென்ஸ் பார்வையைத் திருத்துவதற்காகச் செய்யப்படுகிறதே தவிர, விசையோடு வரும் இரும்புத் துண்டைத் தாங்குவதற்காக அன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அமெரிக்காவில் நடைமுறையிலுள்ள சோதனைகளே தெளிவாகக் காட்டும். அங்கே சாதாரணக் கண்ணாடியின் லென்ஸ் மீது 15.9 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 16 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்கிறார்கள். ‘இசட்87+’ என்ற குறி பெறும் பாதுகாப்புக் கண்ணாடியோ, அதே உயரத்திலிருந்து விழும் 500 கிராம் எடையுள்ள கூர்முனைப் பொருளையும், நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், பாய்ந்து வரும் 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டையும் தாங்க வேண்டும். தாங்குவது என்றால் லென்ஸ் உடையாதிருப்பது மட்டுமன்று. அது ஃபிரேமிலிருந்து கழன்று கண்ணை நோக்கிப் போகவும் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண ஃபிரேமில் லென்ஸைப் பிடித்திருக்கும் பள்ளம் ஆழமற்றது. முன்னாலிருந்து பலமாக ஓர் அடி விழுந்தால் லென்ஸ் உடையாமலே பின்பக்கமாகப் பிதுங்கிக் கண்ணில் மோதக்கூடும். பாதுகாப்பு ஃபிரேமில் பின்புற விளிம்பு உயர்த்தப்பட்டிருப்பதால் லென்ஸ் உட்பக்கம் சரிய இடமில்லை. கீழ்ப்பாதியில் நைலான் நூல் மட்டும் தாங்கும் அரை ஃபிரேமுக்கும், விளிம்பே இல்லாத ஃபிரேமுக்கும் பக்கக் காப்பு வாங்கிச் செருகுவது, என் கருத்தில், வாங்காமல் இருப்பதைவிடக் கெடுதலானது. அணிந்தவருக்கு இல்லாத துணிச்சலை அது கொடுத்துவிடுகிறது.

லென்ஸின் பொருளைப் பற்றியும் கடையில் நேரடியாகக் கேட்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ‘ஃபைபர் லென்ஸ்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் சி.ஆர்.39 என்னும் பிளாஸ்டிக். எடை குறைந்தது, தெளிவானது, அன்றாட வாழ்க்கைக்குப் போதுமானது. ஆனால் வேகமாக வரும் துண்டுக்கு முன் பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக் அளவுக்குத் தாங்காது. ‘கீழே விழுந்தாலும் உடையாது’ என்ற உறுதிமொழிக்கும் பாய்ந்து வரும் உலோகத்தைத் தாங்குவதற்கும் தொடர்பே இல்லை. பவர் அதிகம் உள்ளவர்கள் அழகுக்காக மெல்லிய உயர்வகை லென்ஸைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அதன் மெல்லிய தன்மையும் அதிக விலையும் உறுதிக்கு அடையாளமல்ல. பட்டறை வேலைக்கென்றால் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்டு, பில்லிலும் அந்தப் பெயரை எழுதி வாங்குவது நல்லது. பாலிகார்பனேட்டில் ஓரமாகப் பார்க்கும்போது சிலருக்கு வண்ணக் கீற்று தெரியும்; அவர்களுக்கு 2001 ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் டிரைவெக்ஸ் கூடுதல் தெளிவைத் தரும்.

சட்டமும் இதே வரிசையில்தான் சிந்திக்கிறது. அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு விதிகளின் 1910.133 ஆம் பிரிவு, பொருள்கள் பறந்து வரும் ஆபத்துள்ள வேலையில் பக்கவாட்டுக் காப்பைக் கட்டாயமாக்குகிறது. கழற்றி மாட்டக்கூடிய பக்கக் காப்பையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் பவர் கண்ணாடி அணிபவருக்கு அது இரண்டு வழிகளையே காட்டுகிறது: பவரையே உள்ளடக்கிய பாதுகாப்புக் கண்ணாடி, அல்லது பவர் கண்ணாடியின் இருப்பைக் கலைக்காமல் அதன்மேல் அணியும் காப்பு. சாதாரணக் கண்ணாடியில் பிளாஸ்டிக் துண்டைச் செருகுவது இரண்டிலும் சேராது. இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35 ஆம் பிரிவில், தெறிக்கும் துகள்களாலோ கூசும் ஒளியாலோ கண்ணுக்கு ஆபத்துள்ள வேலைகளில் தடுப்புத் திரையோ தகுந்த காப்புக் கண்ணாடியோ வழங்கச் செய்ய வழிவகுத்தது. கண் காப்புகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ்.5983. வாங்கும் பொருளில் அந்த எண்ணோ, ஐரோப்பிய ஈ.என்.166 குறியோ, இசட்87+ குறியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸில் ஒரு குறியும் ஃபிரேமில் ஒரு குறியும் தனித்தனியே இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது.

அடுத்த தவறு பொருத்தத்தில் நேர்கிறது. கடையில் ‘எல்லா ஃபிரேமுக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் பக்கக் காப்பில் இரண்டு துளைகள் இருக்கும். கண்ணாடியின் காதுக் கம்பியை அவற்றில் கோத்து முன்னே தள்ள வேண்டும். மெல்லிய உலோகக் கம்பியில் அது நிற்காமல், வியர்வை பட்டதும் வழுக்கிப் பின்னே போய்விடும். அப்போது மிக முக்கியமான இடமான கீல் பக்கத்தில் விரல் அகலத்துக்குச் சந்து திறந்துவிடும். தடித்த பிளாஸ்டிக் கம்பியில் வலிந்து திணித்தாலோ கம்பி வெளிப்புறமாக வளைந்து, கண்ணாடி மூக்கில் சரிந்து இறங்கும். ஒரே லென்ஸில் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பவர் உள்ளவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. லென்ஸின் உயரம் சற்று மாறினாலே எழுத்து மங்கும்; மங்கினால் அவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்; தூக்கினால் கீழ்ச் சந்து இன்னும் அகலமாகும். எனவே வாங்கும்போது கண்ணாடியைக் கையோடு கொண்டுபோய், காப்பைச் செருகி, வேலையில் நிற்பதுபோலக் குனிந்தும் திரும்பியும் பார்த்து, வேறொருவரைப் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் கீழிருந்தும் நோக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு நம் கண் நேராகத் தெரிகிற வழியில் துகளும் வரும். படிப்பதற்கென வாங்கிய ஒடுக்கமான சிறு கண்ணாடிகளில் புருவத்தின் கீழும் கன்னத்தின் மேலும் இருக்கும் வெளியை எந்தப் பக்கக் காப்பாலும் அடைக்க முடியாது.

பணத்தை மிச்சப்படுத்தத் தண்ணீர் பாட்டிலையோ கெட்டியான பிளாஸ்டிக் தாளையோ வெட்டிப் பசை வைத்து ஒட்டுபவர்களும் உண்டு. அந்தத் தாள் துகளின் வேகத்தைத் தாங்காது. வெட்டிய ஓரம் கண்ணோரத் தோலைக் கீறும். உடனே ஒட்டும் பசையின் ஆவி லென்ஸில் வெண்படலமாகப் படியும். திருகு பொருத்துவதற்காக ஃபிரேமில் துளையிடுவது இன்னும் மோசம். அடியைத் தாங்க வேண்டிய இடத்தையே அது பலவீனப்படுத்துகிறது.

திரவத்துக்கும் நுண்தூசிக்கும் பக்கக் காப்பை நம்புவதும் அடிக்கடி நிகழ்கிறது. சுண்ணாம்பு கரைப்பவர், சிமெண்ட் கலவை போடுபவர், பேட்டரி அமிலத்தைக் கையாள்பவர், பூச்சிமருந்து தெளிப்பவர் ஆகியோருக்கு முகத்தோடு ஒட்டிப் பொருந்துகிற, காற்றுத்துளைகள் மறைவாக அமைந்த காகிள்ஸ்தான் தேவை. பவர் கண்ணாடிக்கு மேலேயே அணியும் அளவில் அவை கிடைக்கின்றன. தெறித்த துளி புருவத்திலிருந்து வழிந்தே கண்ணுக்குள் இறங்கிவிடும். சுண்ணாம்பும் சிமெண்ட்டும் காரத்தன்மை கொண்டவை. காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழமாக ஊடுருவுவதால் பல அமிலங்களைவிடக் கொடியது. பட்டுவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரால் கழுவிய பிறகே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வெல்டிங்கில் வேறொரு குழப்பம் உண்டு. நிறமற்ற பாலிகார்பனேட் புறஊதாக் கதிரைப் பெருமளவு தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொறியின் கூசும் ஒளியையும் வெப்பக் கதிரையும் அது தடுக்காது. பற்றவைப்பவர் முகக்கவசத்துக்குள் இருக்கிறார். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்கும் உதவியாளர்தான் வெறும் கண்ணாடியோடு நிற்கிறார். அவருக்கும் தகுந்த கருமை எண் (லென்ஸ் எவ்வளவு கறுத்தது என்பதைக் காட்டும் எண்) உள்ள காப்பு, பக்கவாட்டையும் சேர்த்து, வேண்டும். அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து இரவில் மணல் அள்ளிப் போட்டதுபோலக் கண் எரிந்து நீர் கொட்டும்போதுதான் தவறு புரியும். மாறாக, வெயிலுக்காகவோ கண் வறட்சிக்காகவோ ஒளி புகாத கறுத்த பக்கக் காப்பை மாட்டியவர்கள் அதோடு இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்தில் வரும் வாகனத்தை முதலில் உணர்வது கண்ணின் ஓரப்பார்வையே.

பராமரிப்பில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாதது. பட்டறையில் கை துடைக்கும் தின்னராலோ அசிட்டோனாலோ பாலிகார்பனேட்டைத் துடைத்தால் அதில் நுண்விரிசல்கள் உண்டாகி, பார்ப்பதற்குத் தெளிவாக இருந்தபடியே தன் உறுதியை இழந்துவிடும். இரும்புத்தூள் படிந்த காப்பை உலர்ந்த துணியால் தேய்ப்பதும் கீறலை உண்டாக்கும். முதலில் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புக் கரைசலால் கழுவ வேண்டும். ஒருமுறை பலமான அடி வாங்கிய காப்பையும் லென்ஸையும், விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும்.

பக்கக் காப்பு மாட்டிய கண்ணாடி மடங்காது, பெட்டிக்குள் போகாது, வியர்வைக் காலத்தில் ஆவி படியும். இதனால் மதிய உணவுக்குக் கழற்றியவர் மாலையில் அதை மாட்ட மறந்துவிடுகிறார். தினமும் கிரைண்டரோ லேத்தோ ஓட்டுபவர், அன்றாடக் கண்ணாடியைத் தொடாமல், அதே பவரில் பாதுகாப்பு ஃபிரேமும் பாலிகார்பனேட் லென்ஸும் நிலையான பக்கக் காப்பும் உள்ள இரண்டாவது கண்ணாடி ஒன்றைச் செய்து பட்டறையிலேயே வைத்துக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து. அதற்கு இப்போது வசதியில்லை என்றால், பவர் கண்ணாடியின்மேல் அணியும் அகலமான பாதுகாப்புக் கண்ணாடி, செருகும் காப்பைவிட மிக நல்ல தேர்வு. நெல் அறுப்பிலும் கதிரடிப்பிலும் ஈடுபடுவோருக்கும் இதையே சொல்வேன். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம்; உமியோ நெல்தாளோ கருவிழியைக் கீறும் இடத்தில் அது தொற்றிக்கொள்கிறது.

இறுதியாக, காப்பு போட்டிருந்தேன், ஆகவே உள்ளே எதுவும் போயிருக்காது என்று எண்ணி நாளைக் கடத்துவது ஆபத்தான தவறு. சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறிக்கும் மிகச் சிறிய எஃகுத் துண்டு, கண்ணுக்குள் ஊடுருவிய பின்பும் அதிக வலியில்லாமல் இருக்கலாம். உள்ளே தங்கிய இரும்பு மெல்ல மெல்ல விழித்திரையைக் கெடுக்கும். கண்ணைக் கசக்காமல், துணி முனையால் பக்கத்திலிருப்பவர் எடுக்கவும் விடாமல், மருந்துக்கடைச் சொட்டுமருந்தையும் விடாமல், அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். போனதும், இரும்பை அடித்துக்கொண்டிருந்தேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் இரும்பை நகர்த்திவிடும் என்பதால், எந்தப் பரிசோதனையைச் செய்வது, எதைச் செய்யக் கூடாது என்று மருத்துவர் அந்தச் சொல்லை வைத்தே முடிவு செய்வார்.