டீகோடர் எரிஞ்ச வாசனை: மாடல் ரயில் ஆளுங்க திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான், இன்ஜினியரிங் மூணாவது வருஷம், கையில ஒரு ஷூ டப்பா, அதுக்குள்ள பழைய பனியன் துணியில சுத்தி ஒரு எச்ஓ லோகோ, அதாவது நிஜத்துல 87ல ஒரு பங்கு சைஸ்ல இருக்கற மாடல் ரயில் இன்ஜின். டீகோடர்னா லோகோவுக்குள்ள உக்காந்து கட்டளையப் படிச்சு மோட்டார ஓட்டற குட்டி சர்க்யூட்; அதோட வயரிங் அவனே பண்ணிருக்கான், சோல்டரிங் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. "அண்ணே, ப்ரோக்ராமிங் ட்ராக்ல வச்சா ரீட் ஆக மாட்டேங்குது, மெயின்ல வச்சுப் பாத்துடலாமா"ன்னு கேட்டான். ப்ரோக்ராமிங் ட்ராக்னா டீகோடர செட் பண்ண கரண்ட் கம்மியா விடற தனி ட்ராக், மெயின்னா முழு கரண்ட் இருக்கற, வண்டி ஓட்டற ட்ராக். கேட்டுக்கிட்டே மெயின்ல வச்சுட்டான். நான் அடுப்படி வாசல்ல காபி டம்ளரோட நிக்கிறேன், "வைக்காதடா"ன்னு வாயத் திறக்கறதுக்குள்ள 'டிக்'னு ஒரு சத்தம், அப்புறம் அந்த வாசனை. அத ஒரு தடவ மோந்தவன் மறக்கவே மாட்டான்.

அவன் மூஞ்சியப் பாத்தப்போ எனக்கு திட்ட மனசு வரல, ஏன்னா இதே தப்ப நானே ரெண்டு தடவ பண்ணிருக்கேன். அதனால எழுதறேன். ட்ராக்க துடைங்க, லோகோவ கீழ போடாதீங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடறேன்.

மோட்டார தனியா பிரிக்காம டீகோடர் போடறது

பழைய டிசி லோகோல, அதாவது ட்ராக் வோல்டேஜ ஏத்தி இறக்கியே ஓட்டற லோகோல, கரண்ட் போற வழி ரொம்ப சிம்பிள். தண்டவாளத்துல வர்ற கரண்ட் சக்கரம் வழியா ஏறி நேரா மோட்டாருக்குப் போகும். நெறைய பழைய டீசல் லோகோல ஒரு பக்கத்துக் கரண்டுக்கு வயரே கிடையாது, இரும்பு ஃப்ரேமே வயரு. மோட்டாரோட கீழ்ப்பக்க ப்ரஷ் க்ளிப் (மோட்டாருக்குள்ள கரண்ட் குடுக்கற ப்ரஷ்ஷ பிடிச்சிருக்கற தகடு) அந்த ஃப்ரேம் மேல அமுங்கி உக்காந்திருக்கும், வேல முடிஞ்சுது.

டிசிசில, அதாவது ஒவ்வொரு லோகோவுக்கும் தனித்தனியா டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டற முறைல, கதையே வேற. தண்டவாளத்துல எச்ஓவுக்கு சுமார் 14, 15 வோல்ட் எப்பவும் இருந்துக்கிட்டே இருக்கும், லோகோ நின்னாலும் ஓடினாலும். அந்தக் கரண்டே முன்னும் பின்னும் திசை மாறி மாறித்தான் சேதியும் கொண்டு போகுது, அரை சுத்து 58 மைக்ரோ செகண்ட்னா 1, 100 மைக்ரோ செகண்டோ அதுக்கு மேலயோ போனா 0. இதப் படிச்சு, தன் நம்பருக்கு வந்த கட்டளையா இருந்தா மட்டும் மோட்டார ஓட்டறது டீகோடரோட வேலை. அப்ப தண்டவாளத்துக்கும் மோட்டாருக்கும் நடுவுல டீகோடர் ஒண்ணுதான் இருக்கணும். மோட்டார் கூட்டுக்குடும்பத்த விட்டு தனிக்குடித்தனம் போயாகணும், ஃப்ரேமோட எந்த ஒட்டும் உறவும் கூடாது. ஒரு ப்ரஷ் ஃப்ரேம லேசா தொட்டாப் போதும், ட்ராக் கரண்ட் மொத்தமும் டீகோடரோட மோட்டார் அவுட்புட்ல பின்வாசல் வழியா ஏறிடும். அதத் தாங்கற டீகோடர நான் இன்னும் பாக்கல.

எனக்கு முதல் தடவ நடந்தது ஒரு பழைய அமெரிக்கன் டீசல்ல. செகண்ட் ஹேண்டா வாங்கினது, அதுக்கு மேல நம்ம ரயில்வேயோட டபிள்யூடிஎம்-2 டீசல் (ஆல்கோ கம்பெனி டிசைன்) பாடி ஒண்ணு ஸ்டைரின் ப்ளாஸ்டிக் ஷீட்ல கட்டி வச்சிருந்தேன், ரெண்டு மாச வேலை. கீழ் ப்ரஷ் க்ளிப்ல இருந்த ரெண்டு நாக்கையும் வெட்டிட்டேன், கீழ இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், எலக்ட்ரீஷியன் வச்சிருப்பாரே அந்த கருப்பு டேப்பு, மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ஓட்டினேன். இருபது நிமிஷம் அருமையா ஓடிச்சு, வீட்ல எல்லாரையும் கூப்ட்டு காட்டினேன், வீடியோ கூட எடுத்தேன். அது சென்னை மே மாசம், மோட்டாரும் சூடாகி ரூமும் சூடாகி டேப்போட பசை இளகி டேப்பு மெதுவா வழுக்கிட்டுப் போயிருக்கு. வெளி வளைவுல லோகோ திடீர்னு நின்னுச்சு, பாடிக்குள்ள இருந்து பொகை. நிஜ ஆல்கோவும் பொகைக்குப் பேர் போனதுதானே, என் பையன் அதப் பாத்து கை தட்டினான், அதான் இன்னும் வலிக்குது.

புது டீகோடருக்கு கஸ்டம்ஸ் எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 4,000 ரூபா, பார்சல் வர ஆறு வாரம். டேப்ப மாத்தினேன், காப்டன் (Kapton) டேப் வாங்கினேன், அந்த மஞ்சக் கலர் கண்ணாடி மாதிரி இருக்குமே, சூட்டுக்கு அசையாது. புது டீகோடர் வந்துச்சு, மறுபடி மீட்டர் வச்சேன், ஓகே. ட்ராக்ல வச்ச அஞ்சாவது செகண்ட்ல அதே வாசனை. என்னன்னா, மோட்டார ஃப்ரேம்ல உக்கார வச்சு ஸ்க்ரூ முடுக்கறதுக்கு *முன்னாடி* மீட்டர் பாத்திருக்கேன். பழைய ஸ்க்ரூ எங்கயோ உருண்டு போச்சுன்னு டப்பாவுல இருந்த வேற ஒண்ணப் போட்டேன், அது ரெண்டு மில்லிமீட்டர் நீளம் ஜாஸ்தி, நுனி மேல போய் ப்ரஷ்ஷ தொட்டுருச்சு. ரெண்டு மில்லிமீட்டருக்கு நாலாயிரம். டீகோடரோட வந்த பேப்பர்ல இத ஒரு வரில எழுதித்தான் இருந்தாங்க, நானும் படிச்சேன், படிச்சுட்டு "அதான் பாத்தாச்சே"ன்னு மடிச்சு வச்சுட்டேன்.

இப்ப நான் பண்றது இதுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல முந்நூறு ரூபாய்க்கு கிடைக்கிற மீட்டர் போதும். டீகோடர் இணைக்காம, மோட்டார உக்கார வச்சு, எல்லா ஸ்க்ரூவும் முடுக்கி, அப்புறம் மோட்டாரோட ஒரு முனையில மீட்டரோட ஒரு கம்பி, இன்னொரு கம்பிய எடது சக்கரம், வலது சக்கரம், ஃப்ரேம்னு ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாருங்க. மறு முனைக்கும் அதே மாதிரி. ஒரு இடத்துலகூட பீப் வரக்கூடாது, ஓம்ஸ்ல வச்சாலும் எந்த நம்பரும் காட்டக்கூடாது. காட்டினா எங்கயோ ஒட்டுது. அப்புறம் பாடிய மாட்டுங்க, கையில தூக்கி குலுக்குங்க, அமுக்குங்க, தலைகீழா பிடிங்க, மறுபடி அதே சோதனை. பழைய லோகோல ரேடியோ இரைச்சலத் தடுக்க ஒரு குட்டி கெப்பாசிட்டர் மோட்டார் பக்கத்துல இருக்கும், அதையும் வெட்டி எடுத்துடுங்க. வயர் கலர் மனப்பாடமா இருக்கட்டும்: சிவப்பு வலது தண்டவாளம், கருப்பு எடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு மட்டும்.

இதுக்கப்புறம்தான் ப்ரோக்ராமிங் ட்ராக். அது அட்ரஸ் (லோகோவோட நம்பர்) மாத்தறதுக்கு மட்டும்னு நெனச்சுக்கறாங்க. அதுல போற கரண்ட் கால் ஆம்பியர் அளவுக்குள்ள கட்டுப்படுத்தி வச்சது, வயரிங் தப்பா இருந்தாலும் டீகோடர் பெரும்பாலும் பொழச்சுக்கும். சிவின்னா டீகோடர் தன் செட்டிங்க வச்சிருக்கற நம்பர் போட்ட இடம். சிவி 8 ரீட் பண்ணுங்க, டீகோடர் எந்தக் கம்பெனின்னு ஒரு நம்பர் வரும். ரீட் ஆகறப்போ லோகோ லேசா துள்ளும், கவனிச்சிருப்பீங்க. டீகோடர் பதில் சொல்றதே மோட்டாருக்கு ஒரு நொடிக்கும் ரொம்பக் குறைவா கரண்ட் குடுத்துத்தான், அந்த இழுப்ப கமாண்ட் ஸ்டேஷன், அதான் கட்டளை அனுப்பற பெட்டி, புரிஞ்சுக்கும். ஆக ரீட் ஆகலைன்னா மோட்டார் வயரிங்ல ஏதோ கோளாறுன்னுதான் முதல்ல சந்தேகப்படணும்.

அந்தத் தம்பிகிட்ட "ரீட் ஆகலைன்னதும் ஏன்டா நிறுத்தல"ன்னு கேட்டேன். யாரோ ஒரு சீனியர் "சவுண்ட் டீகோடர்லாம் அப்படித்தான், ரீட் ஆகாது, கண்டுக்காத"ன்னு சொல்லிருக்காரு. அது பாதி உண்மை. பெரிய கெப்பாசிட்டர் வச்ச சவுண்ட் டீகோடர் சிலது ப்ரோக்ராமிங் ட்ராக்ல அடம் பிடிக்கும். ஆனா இவன் போட்டது சவுண்டே இல்லாத டீகோடரு! பாடியக் கழட்டிப் பாத்தா ஆரஞ்சு வயரு சோல்டர் பண்ண இடத்துல ஒரே ஒரு இழை பிரிஞ்சு ஃப்ரேம் பக்கம் நீட்டிட்டு நிக்குது, தலைமுடி கனம்கூட இல்ல.

மெல்லிசு வயரு

இதுவும் ஆளக் கொல்லும், ஆனா மெதுவா. லேஅவுட் அடியில பழைய ஸ்பீக்கர் வயர ஓட விட்டு, பத்து அடிக்கு ஒரு இடத்துல மட்டும் ட்ராக்குக்கு இணைப்பு குடுத்துட்டு, மீதிய ரயில் ஜாய்னர் (தண்டவாளத் துண்டுகள சேக்கற தகடு) பாத்துக்கும்னு விட்டுடறாங்க. டிசில ஓடிடும், கொஞ்சம் ஸ்பீடு குறையும் அவ்ளோதான். டிசிசில 5 ஆம்பியர் பூஸ்டர், அதான் ட்ராக்குக்கு கரண்ட் குடுக்கற பெட்டி, வச்சிருக்கீங்க, தூரத்து மூலையில ஒரு பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆகுது. பூஸ்டர் உடனே கட் பண்ணணும். ஆனா வயரும் ஜாய்னரும் சேந்து நாலு ஓம் தடுத்தா 15 வோல்ட்ல போறது நாலு ஆம்பியருக்கும் கீழதான், பூஸ்டருக்கு அது ஷார்ட்டுன்னே தெரியாது, ஏதோ நாலு லோகோ ஓடுதுன்னு நெனச்சு ஊட்டிக்கிட்டே இருக்கும். அம்பது வாட்டுக்கு மேல. நம்ம சோல்டரிங் அயர்ன் 25 வாட். ப்ளாஸ்டிக் போகி உருகி சக்கரத்தோட ஒட்டிக்கிட்டத கையில எடுத்துப் பாத்திருக்கேன்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கற 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர அடியில ஓட விடுங்க, மூணு நாலு அடிக்கு ஒரு ஃபீடர் (அதுலேந்து ட்ராக்குக்கு ஏறற இணைப்பு வயர்) சோல்டர் பண்ணுங்க. முடிச்சதும் ஒரு ரெண்டு ரூபா காசு எடுத்து ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்க வைங்க, ஒவ்வொரு மூலையிலயும். வச்ச உடனே பூஸ்டர் கட் ஆகணும். ஆகாத இடத்துல இன்னொரு ஃபீடர் வேணும்னு அர்த்தம்.

ரெண்டு லோகோவுக்கும் அட்ரஸ் 3

புது டீகோடர் எல்லாமே 3ல தான் வரும். மாத்துங்க. மாத்தறப்போ ப்ரோக்ராமிங் ட்ராக்ல ஒரே ஒரு லோகோ, ரெண்டு இருந்தா ரெண்டுக்கும் அதே அட்ரஸ் ஏறிடும்.

டிசி பவர் பேக்கையும் டிசிசியையும் ஒரே ட்ராக்ல சேக்கறது

கூடவே கூடாது.

லோகோ தானா பறக்குது

ஷார்ட் ஆகி கரண்ட் திரும்பி வந்ததும் ஒரு லோகோ மட்டும் ஃபுல் ஸ்பீடுல கெளம்பிடுதா? பேய் இல்ல, சிவி 29. டிசி லேஅவுட்லயும் ஓடட்டும்னு ஒரு வசதி அதுல ஆன் ஆகி வரும், கரண்ட் தடுமாறி வர்றப்போ டீகோடர் டிசி ட்ராக்ல இருக்கறதா நெனச்சு பாய்ஞ்சுடும். சின்ன அட்ரஸ்னா 6க்கு பதிலா 2, நாலு இலக்க அட்ரஸ்னா 38க்கு பதிலா 34 எழுதுங்க. என்னோடது ஒண்ணு இத பண்ணாம விட்டதுல மேஜையிலேந்து நாலு அடி கீழ மொசைக் தரையில விழுந்து முன் லேடரும் ஹேண்ட்ரெயிலும் போச்சு. சிவில குழப்பிட்டீங்கன்னா பயப்படாதீங்க, முக்காவாசி டீகோடர்ல சிவி 8ல 8 எழுதினா பழைய நிலைக்கு வந்துடும், அட்ரஸும் 3க்கு திரும்பிடும்.

தேங்காய் எண்ணெய்

போடாதீங்க. சிரிக்காதீங்க, கியர்ல போட்டவங்க இருக்காங்க. டிசம்பர்ல கியர் பாக்ஸத் திறந்தா உள்ள மெழுகு.

எடையே இல்லாத பெட்டி

பெட்டி தடம் புரளுதுன்னா எல்லாரும் முதல்ல ட்ராக்கத்தான் குறை சொல்வாங்க, நானும் அப்படித்தான் ட்ராக் பிரியற ஒரு முழு பாயிண்ட பேத்து எடுத்தேன், கடைசில பாத்தா வேகன் முப்பது கிராம்தான். அமெரிக்காவுல என்எம்ஆர்ஏன்னு 1935லேந்து இருக்கற அமைப்பு எச்ஓவுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கு: முதல்ல 1 அவுன்ஸ், அதோட நீளத்துல ஒவ்வொரு இன்ச்சுக்கும் அரை அவுன்ஸ். பாக்ஸ்என் (நிலக்கரி ஏத்தற திறந்த வேகன்) மாதிரி 5 இன்ச் வேகனுக்கு மூணரை அவுன்ஸ், அதாவது சுமார் 99 கிராம். ஹார்ட்வேர் கடை வாஷர வேகன் தரையில, முடிஞ்ச அளவு கீழ, ஒட்டுங்க. கூரையில ஒட்டினா வளைவுல சாயும். அப்படியே ப்ளாஸ்டிக் சக்கரத்த கழட்டிட்டு மெட்டல் சக்கரம் போடுங்க, ப்ளாஸ்டிக் சக்கரம் அழுக்க அள்ளிட்டு வந்து ட்ராக் பூரா பூசும்.

வளைவு

செட்டோட வந்த 18 இன்ச் ரேடியஸ் வளைவ பலகையில அடிச்சுட்டு அப்புறம் எல்எச்பி பெட்டி, அதான் நம்ம ரயில்வேயோட நீளமான புது ரகப் பயணிகள் பெட்டி, ஓட்டணும்னு வர்றாங்க. எல்எச்பி நிஜத்துல இருபத்து மூணரை மீட்டர், 87ஆல வகுத்தா 27 சென்டிமீட்டர். வளைவோட ரேடியஸ் பெட்டி நீளத்துல குறைஞ்சது மூணு மடங்கு வேணும், அப்ப 81 சென்டிமீட்டர், 32 இன்ச்சு. 18ல ஓட்டினா பெட்டியோட நடு உள்ள வந்து சிக்னல் கம்பத்த தட்டும், முனை வெளிய நீட்டி எதிர்ல வர்ற வண்டிய தட்டும். கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கற அகலம்) விஷயத்துல நாம ஏற்கனவே கண்ண மூடிக்கிட்டாச்சு, நம்ம ப்ராட் கேஜ் 1676 மில்லிமீட்டருக்கு 19.3 மில்லிமீட்டர் வரணும், எல்லாரும் 16.5லதான் ஓட்டறோம், அது பாக்க அவ்ளோ உறுத்தல. வளைவு அப்படி இல்ல, வண்டி தண்டவாளத்துல நிக்கவே நிக்காது.

பலகை அடிக்கறதுக்கு முன்னாடி அட்டையில வட்டம் வெட்டி தரையில போட்டு பாத்துக்கோங்க. எங்க வீட்டு ரூம்ல 32 வராது, பீரோ இடிக்குது, நகர்த்தலாமான்னு கேட்டு மூணு வருஷம் ஆச்சு, வீட்ல இன்னும் பதில் வரல. அதுவரைக்கும் என் எட்டு எல்எச்பி பெட்டியும் யார்டுல நிக்குது, மெயின்ல ஓடறது பாக்ஸ்என் ரேக் மட்டும்தான்.