ஹைட்ரோலிக் லிப்டருக்கு இடைவெளி வைக்காதீர்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதுவரை இருந்த வானைக் காப்பாற்றி ஓடுவதைத் தவிர யாழ்ப்பாணத்தில் ஹயர் ஓடுகிறவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பழைய எஞ்சினின் மேற்பகுதியில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், ரோக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்பு) மூடியைக் கழற்றி, அதற்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை நுழைப்பது இங்கே ஊறிப்போன கைப்பழக்கம். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் காலத்திலிருந்து வந்தது. அந்த எஞ்சின்களுக்கு அது சரியான வைத்தியம். அந்த இடைவெளியை ஒயிலின் உதவியால் தானே மூடிக்கொள்ளும் ஹைட்ரோலிக் லிப்டர் உள்ள எஞ்சினுக்கு அதுவே கேடு.

எனவே, உங்கள் வானில் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். டீசல் ஹைஏஸ்களில் வந்த 3எல் (3L) எஞ்சினுக்கு இடைவெளி உண்டு. ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றி அதைச் சரிசெய்வார்கள். பெற்றோலில் ஓடும் 2வை, 3வை (2Y, 3Y) எஞ்சின்களில் இருப்பது ஹைட்ரோலிக் லிப்டர். அவற்றின் ரோக்கரில் சாதாரணமாகத் திருகுவதற்கென்று எதுவும் இராது. எஞ்சின் பின்னால் இருக்கும் வொக்ஸ்வாகன் வான்களின் 2 லீற்றர் எஞ்சினுக்கு 1970களின் கடைசியில் ஹைட்ரோலிக் லிப்டர் வந்தது. அதில் திருகும் உண்டு, லொக் நட்டும் உண்டு. கைவைத்துக் கெடுப்பதற்கு இடம் இருப்பது இந்த வகையில்தான்.

லிப்டருக்குள் ஏறி இறங்கும் ஒரு பிளஞ்சர், அதன் கீழே சிறு ஸ்பிரிங், ஒயிலை உள்ளே விட்டு வெளியே விடாத ஒரு குண்டு வால்வு. கேம் (சுழன்று வால்வைத் திறக்கவைக்கும் புடைப்பு) தள்ளும்போது குண்டு அடைபட்டு ஒயில் சிறைப்படுகிறது. ஒயிலை அமுக்க முடியாது என்பதால் லிப்டர் இரும்புபோல் நின்று, ரோக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ரொட்டைத் தூக்குகிறது. வெப்பத்தால் வரும் நீட்சியையும் சிறு தேய்மானத்தையும் அதுவே ஈடுசெய்துகொள்ளும். ஆகவே இங்கே வைக்க வேண்டியது இடைவெளி அல்ல, பிளஞ்சரைச் சற்று உள்ளே அமுக்கி வைக்கும் அழுத்தம். கேஜ் வைத்து இடைவெளி விட்டால் சத்தம் கூடுமே தவிரக் குறையாது.

நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஹைட்ரோலிக் லிப்டரின் சத்தம் பெரும்பாலும் ஒயிலின் சத்தம். ஸ்பானரை எடுக்குமுன் ஒயில் அளவு பார்க்கும் டிப் ஸ்ரிக்கை எடுங்கள். ஒயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். காற்றுக் கலந்த ஒயில் லிப்டருக்குள் அமுங்கிக் கொடுக்கும். அதிகமாக ஊற்றினாலும் இதே கதைதான். கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும். கல்யாண ஹயருக்கு மட்டும் வெளியே வந்து மற்ற நாளெல்லாம் வளவுக்குள் நிற்கும் வானில், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சத்தம் வந்து சற்று நேரத்தில் அடங்கினால் அது நோயல்ல. நின்றபோது வடிந்த ஒயில் திரும்ப நிரம்புகிறது. சூடேறிய பிறகும் நிற்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் ஒயில் லைற் எரியவில்லை என்று ஆறுதல் அடையாதீர்கள். ஒயிலின் அழுத்தம் மிகவும் விழுந்த பிறகே அது எரியும். அந்த லைற்றின் சுவிட்சை எஞ்சினிலிருந்து கழற்றி அந்த இடத்தில் ஒயில் அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டிப் பாருங்கள். எக்சோஸ்ட் காஸ்கெட் ஊதினாலும் இதே போன்ற சத்தம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சத்தத்தை மறைக்கத் தடித்த ஒயில் ஊற்றுவது இன்னொரு தவறு. குளிர்ந்த எஞ்சினில் அது லிப்டரின் நுண்ணிய வழிகளுக்குள் போய்ச் சேரத் தாமதமாகும். கைநூல் சொல்லும் தரத்தையே போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் கழுவுவதும் வேண்டாம். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மண்ணெண்ணெயிலேயே வாகனம் ஓட்டிய ஊர் இது. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். இளகிய கசடு நேரே லிப்டரின் குண்டுக்குள் போய் அடைக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் திருகைத் தொட வேண்டும். அப்போது அந்தச் சிலிண்டரின் இரு வால்வும் மூடியிருக்க வேண்டும், அதாவது பிஸ்டன் கம்பிரஷனில் மேலே நிற்க வேண்டும். பிஸ்டன் மேலே வருவது இரண்டு தடவை. கம்பிரஷனில் ஒன்று, எக்சோஸ்ட்டில் ஒன்று. கிராங்க் முனையிலுள்ள கப்பியின் அடையாளத்தை மட்டும் நம்பினால் பாதி வாய்ப்பு பிழைக்குத்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் ரோட்டர் அந்தச் சிலிண்டரின் வயரை நோக்கி நிற்க வேண்டும்.

அடுத்து, திருகு வால்வைத் தொடும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஒயில் வடிந்த லிப்டர் மெத்தென்று இருக்கும். 'இறுகவில்லையே' என்று இறுகும்வரை திருகினால் பிளஞ்சர் அடியில் போய் முட்டிவிடும். அங்கிருந்து சுற்று எண்ணினால் வால்வு மூடாது. கம்பிரஷன் போகும், எக்சோஸ்ட் வால்வு கருகும். ரோக்கரை இரு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே திருகுங்கள். அந்தச் சின்ன ஆட்டம் மறையும் கணமே தொடுபுள்ளி. அங்கிருந்து கைநூல் சொல்லும் அளவு. வழக்கமாக ஒன்றரை அல்லது இரண்டு சுற்று. லொக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடச் சுற்றும், ஸ்குரூ டிரைவரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

முடித்த கையோடு செல்ஃப் அடிக்காதீர்கள். லிப்டரில் ஒயில் நிறைந்திருந்தால், நீங்கள் கொடுத்த சுற்று அப்போதைக்கு வால்வைத் திறந்தே வைத்திருக்கும். பிளஞ்சர் மெல்ல இறங்க அரை மணி நேரமாவது விட்டு, பிறகு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள்.

லிப்டர்களைக் கழற்ற நேர்ந்தால் எது எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து, அதே இடத்தில் போடுங்கள். ஒவ்வொன்றும் தன் கேமோடு சேர்ந்து தேய்ந்தது. அடிப்பக்கத்தில் நேரான விளிம்பொன்றை வைத்துப் பாருங்கள். நல்ல லிப்டரின் அடி மிக இலேசாகப் புடைத்திருக்கும். குழிந்திருந்தால் கேமும் தேய்ந்திருக்கிறது என்று பொருள், அதற்குமேல் எந்தத் திருகலும் உதவாது.