கடல் நத்தைகளைக் கணக்கெடுப்போம்: புதியவர்களுக்கான செய்முறை

மன்னார் வளைகுடாவுக்குச் சுற்றுலா வருபவர்கள் கண்ணாடிப் படகில் பவளப்பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கரையோரப் பாறைகளில் எத்தனை வகை நத்தைகள் வாழ்கின்றன, நம் நடமாட்டம் அவற்றைப் பாதிக்கிறதா என்பதை எளிய கருவிகளோடு நாமே அளந்து பார்க்கலாம்.

இடமும் நேரமும். இங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. மண்டபம், பாம்பன் பக்கம் மக்கள் நடமாடும் கரையே போதும். வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். வற்றி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள்.

சட்டம் செய்யுங்கள். பிவிசி குழாயை வெட்டி, பக்கத்துக்கு 50 செ.மீ. உள்ள சதுரமாக இணையுங்கள். ஒரு நீளக் கயிறு, பென்சில், நோட்டு, கைபேசி. வேறொன்றும் வேண்டாம்.

எங்கே வைப்பது? கயிற்றை மேட்டிலிருந்து நீர் விளிம்பு வரை இழுத்துக் கட்டி, மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களில் சட்டத்தை வையுங்கள். தெறிக்கும் நீரை மட்டும் நம்பி வாழும் சின்ன லிட்டோரினா நத்தைகள் மேலே இருக்கும். வழவழப்பான நெரைட் நத்தைகள் அதற்குக் கீழே. சோழிகள் கீழ்மட்டத்துக் கல்லடியில் ஒளிந்திருக்கும். இங்கே ஓத வேறுபாடு, அதாவது கடல் ஏறி இறங்கும் உயரம், ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் மட்டங்கள் நெருக்கமாகவே அமையும். சுற்றுலாப் பயணிகள் அதிகம் மிதிக்கும் பகுதியில் ஒரு கயிறு, ஆள் போகாத பகுதியில் இன்னொன்று. இந்த ஒப்பீடுதான் முழு வேலையின் உயிர், இதை விட்டுவிடாதீர்கள்.

எண்ணுங்கள். உயிருள்ளவற்றை மட்டும். வெற்று ஓட்டை அலை எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கலாம். உள்ளே துறவி நண்டு குடியிருக்கவும் கூடும். புரட்டிய கல்லை அதே பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் வெயிலில் செத்துப்போகும்.

கூம்பு வடிவ நத்தையைத் தொடவே கூடாது. ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தும். சில இனங்கள் மனிதரைக் கொன்றிருக்கின்றன, முறிமருந்தும் கிடையாது. அகன்ற பக்கமாகப் பிடித்தால் ஆபத்தில்லை என்பவர்களை நம்பாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு விலகுங்கள்.

ஓடுகளையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். குதிரை முள்ளி போன்ற சில சங்கினங்களுக்கு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு.

கணக்கு. இனங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. இரண்டு சதுரங்களிலும் 4 இனங்கள், 20 நத்தைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 5, 5, 5, 5; மற்றொன்றில் 17, 1, 1, 1. ஒவ்வோர் இனத்தின் எண்ணிக்கையையும் மொத்தத்தால் வகுத்து, வந்த விடையை அதே விடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 1இலிருந்து கழியுங்கள். முதலாவதற்கு 0.75 கிடைக்கும், இரண்டாவதற்கு 0.27. இதுதான் சிம்ப்சன் பன்மைக் குறியீடு. மிதிபடும் பகுதியில் ஒரே இனம் மேலோங்கியிருந்தால் இந்த எண் அதைக் காட்டிவிடும்.

ஒரு நாள் கணக்கை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் அதே இடங்களில் எண்ணுங்கள். பெயர் தெரியாதவற்றின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால், அறிந்தவர்கள் அடையாளம் காண உதவுவார்கள்.