80 வயதாகிறதா? பிபிஓவை (ஓய்வூதியக் கொடுப்பாணை) ஒருமுறை பாருங்கள்

மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு 80 வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். குடும்ப ஓய்வூதியருக்கும் உண்டு. 85 வயதில் இது 30 சதவீதம்.

ஓய்வு பெற்றவரின் பிறந்த தேதி பிபிஓவில் இருக்கும் என்பதால் அவருக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. சிக்கல், கணவர் இறந்தபின் பென்ஷன் வாங்கும் அம்மாக்களுக்குத்தான். பழைய பிபிஓக்கள் பலவற்றில் மனைவியின் பெயர் மட்டும் இருக்கும், பிறந்த தேதி இருக்காது. அப்படியானால் நாம்தான் வயதை நிரூபிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அந்தத் தலைமுறையில் எத்தனை பேரிடம் இருக்கும்? பான் கார்டு அல்லது பாஸ்போர்ட் போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பலருடைய அட்டையில் வெறும் '1945' என்று வருடம்தான் இருக்கும். பான் கார்டு இல்லையென்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். அப்புறம், எல்லா ஆவணத்திலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறந்த நாள் 28ஆம் தேதி என்றாலும், அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்தே கூடுதல் தொகை உண்டு. பென்ஷன் வரும் வங்கியில் மனு கொடுக்கும்போது நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்கிவிடுங்கள்.