டர்பன் வெயிலும் சோதனைப் புகைப்படமும்: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் ஒரு மெட்ரிக் (பள்ளி இறுதியாண்டு) மாணவி, மூன்று குளிர்பானக் கேன்களில் ஊசித்துளை இட்டு, உள்ளே புகைப்படத் தாளைச் சுருட்டி வைத்து, வீட்டு வேலியில் கட்டினாள். சூரியன் நாள்தோறும் வானில் போகும் பாதையைக் கோடு கோடாகப் பதிக்கும் சோலார்கிராஃப் முறை அது. ஜூன் மாதம் கட்டியவள் செப்டம்பரில் அவிழ்த்தாள். மூன்று தாள்களிலும் மங்கிய சாம்பல் படலம்தான். ஒரு சூரியக் கோடுகூட இல்லை. அவள் பின்பற்றிய வழிகாட்டி ஐரோப்பாவில் எழுதப்பட்டது. ‘கேனைத் தெற்கு நோக்கிக் கட்டவும்’ என்று அதில் இருந்தது. அவளும் அப்படியே செய்திருந்தாள்.

நம் வானத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. துணி உலர்த்தும் பாட்டிக்கும் இது தெரியும். ஆனால் அச்சில் ஒன்றைப் படித்தவுடன் நம் கண்ணால் கண்டதை மறந்துவிடுகிறோம். மூன்று மாத உழைப்பு அப்படிப் போனது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது. மாணவர் திட்டங்களில் நான் காணும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். நுட்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த நுட்பம் நடக்கப்போகும் வானத்தையும் காற்றையும் நாட்காட்டியையும் கணக்கில் எடுப்பதில்லை.

திசையைத் திருத்தினால் மட்டும் போதாது, உயரமும் வேண்டும். லண்டனில் டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் எழும். டர்பனில் ஜூன் 21 அன்றே 37 பாகை, செப்டம்பர் சமபகல் நாளில் 60, டிசம்பரில் ஏறத்தாழ 83. சாதாரணக் கேனின் நடுவில் துளை இட்டு நிமிர்த்திக் கட்டினால், மேலே சுமார் 40 பாகை வரைதான் அது பார்க்கும். ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து நண்பகல் சூரியன் தாளுக்கு வெளியே போய்விடும். ஆகவே வடக்கு நோக்கிக் கட்டி, துளை வானத்தைப் பார்க்கும்படி 25 முதல் 30 பாகை பின்னால் சாய்க்க வேண்டும். தாளைப் பிறகு ரசாயனத்தில் கழுவக் கூடாது. எடுத்தவுடன் ஒரே முறை ஸ்கேன் செய்து, இருட்டில் வைத்துவிட வேண்டும்.

அடுத்தது பருவம். நம் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை. பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. மெட்ரிக் எழுத்துத் தேர்வு அக்டோபர், நவம்பரில் வந்துவிடும். ஜனவரியின் உற்சாகத்தில் தாளையும் ரசாயனத்தையும் வாங்கி, பிப்ரவரியின் புழுக்கத்தில் வேலை தொடங்குபவர்கள் பூஞ்சையோடுதான் போராடுகிறார்கள். முதல் இரண்டு மாதங்களைச் சிறு சோதனைகளுக்கும் வாசிப்புக்கும் வைத்துக்கொண்டு, முதன்மைப் பணியை மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட, தெளிந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள்.

பலரும் விரும்பித் தொடங்கும் நீலப்படமான சயனோடைப்பைப் பற்றி, அதாவது ரசாயனம் பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து, வெயிலில் காட்டி, நீரில் கழுவி எடுக்கும் முறையைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1842-இல் இதைக் கண்டுபிடித்த ஜான் ஹெர்ஷல், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் 1834 முதல் 1838 வரை நம் நாட்டில், கேப்டவுனில் தங்கித் தென்வானத்தை ஆராய்ந்தவர். கிளேர்மாண்ட்டில் அவருடைய தொலைநோக்கி நின்ற இடத்தில் இன்றும் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. திட்ட அறிக்கையின் வரலாற்றுப் பகுதியில் இங்கிலாந்தை மட்டும் எழுதி இதை விட்டுவிடாதீர்கள்.

செய்முறை எளிது. 100 மில்லி நீரில் 25 கிராம் ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், வேறொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் தனித்தனிப் பழுப்புப் புட்டிகளில் வைத்திருந்து, பூசும் நேரத்தில் சம அளவு கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்து ஒரே புட்டியில் வைப்பது முதல் தவறு. பூசிய தாள் முழுதாகக் காயும் முன் நெகட்டிவை மேலே வைப்பது இரண்டாவது. ஈரம் நெகட்டிவில் ஒட்டி இரண்டையும் கெடுக்கும். கடலோரக் காற்றில் ‘காய்ந்துவிட்டது போலிருக்கிறது’ என்ற எண்ணத்தை நம்பாதீர்கள். பூசிய தாளை ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாக நடக்கும் தவறு, வெயிலிலிருந்து சீக்கிரம் எடுத்துவிடுவது. நீலம் தெரிந்தவுடன் போதும் என்று கழுவுகிறார்கள். பாதிப் படம் நீரோடு போய்விடுகிறது. படத்தில் மிக அடர்ந்து வர வேண்டிய நிழல் பகுதிகள் நீலத்தைக் கடந்து சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாரையும் கேட்காதீர்கள். ஒரு துண்டுத் தாளில் அட்டையை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நகர்த்திச் சோதனைப் பட்டை எடுத்தால் உங்கள் முற்றத்து வெயிலே விடை சொல்லும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படச்சட்டக் கண்ணாடியை மேலே வைத்துவிட்டு, ரசாயனம் பழையது என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்தவரையும் பார்த்திருக்கிறேன். சாதாரணக் கண்ணாடியே போதும்.

நீலத்துக்குப் பகை காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது). சுண்ணாம்புச் சத்து சேர்த்த ஓவியத் தாள்கள் படத்தை மெல்ல வெளிறச் செய்யும். முதல் கழுவும் நீரில் சிறிது வினிகர் சேர்ப்பது நல்லது. பழைய பருத்தி வேட்டித் துணியில் அச்சிட்டால் அழகாக வரும், ஆனால் பிறகு அதைச் சலவைத்தூளில் துவைத்தால் நீலம் பழுப்பு மஞ்சளாகிவிடும். கையுறை அணியுங்கள், சமையல் பாத்திரங்களை எடுக்காதீர்கள், ஃபெரிசயனைடு இருக்கும் இடத்தில் கடுமையான அமிலம் எதையும் கொண்டுவரவே கூடாது, நச்சு வாயு உண்டாகும்.

இலைச்சாறு, பூச்சாறு பூசி வெயிலில் வெளிறவைக்கும் அந்தோடைப் முறைக்கு நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியே போதும். மஞ்சள்தூளைச் சாராயக் கரைசலில் ஊறவைத்து வடிகட்டிப் பூசினால் சில மணி நேரத்தில் படம் வரும். கீரைச்சாறு நாட்கணக்கில் எடுக்கும். பிறகு போராக்ஸ் கரைசலில் நனைத்தால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கின்றனவே, அதே உறவுதான். இதில் தவறு எங்கே என்றால், முடித்த படத்தைக் கண்காட்சிச் சுவரில் வெளிச்சத்தில் மாட்டிவிடுவது. படத்தை உண்டாக்கிய வெயிலே அதை அழித்தும் விடும். உடனே ஸ்கேன் செய்யுங்கள், மூலத்தை உறைக்குள் வையுங்கள்.

ஊசித்துளை, நீலப்படம், இரட்டைப் பதிவு, நீண்ட நேரப் பதிவு என நான்கையும் ஒரே திட்டத்தில் அடைப்பவர்களுக்கு: ஒன்றை எடுங்கள். அதில் ஒரு கேள்வி வையுங்கள். ‘நீலப்படம் செய்தேன்’ என்பது கேள்வி அல்ல. ‘பாட்டியின் சேலைச் சரிகையை நெகட்டிவ் இல்லாமல் நேரடியாக வைத்தால் எந்த அடர்த்தி வரை நூல் தெரியும்’ என்பது கேள்வி. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். நேரத்தையும் தாளையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று உங்களுக்கே தெரியாது. தேதி, மணி, மேகம், தாள், நிமிடம் ஆகியவற்றைப் படத்தின் பின்புறமே பென்சிலில் எழுதுங்கள். கெட்டுப்போன தாள்களையும் சோர்ஸ்புக்கில், அதாவது திட்டத்தின் பணிக்குறிப்பேட்டில், ஒட்டுங்கள். மதிப்பிடுபவர் காண விரும்புவது வந்துசேர்ந்த வழியைத்தான்.

காவடியை நீண்ட நேரப் பதிவில் எடுக்க ஆசைப்படாத மாணவர் இல்லை. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/16 என்றால் நேரம் ஏறத்தாழ 1/100 நொடி. ஒரு நொடி திறந்து வைக்க ஆறேழு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளியைக் குறைக்கும் என்டி வடிகட்டி வேண்டும். அது இல்லாமல் போனால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். அதைவிட முக்கியம், கோயில் குழுவிடம் சில வாரங்களுக்கு முன்பே அனுமதி கேட்பது. அருள் வந்து நிற்பவரிடம் அந்த நேரத்தில் சம்மதம் பெற முடியாது. முக்காலியை நடைபாதையில் நிறுத்தாதீர்கள், வெறுங்காலோடு வருபவர்கள் தடுக்கி விழுவார்கள்.

பொது இடத்தில் கேன் கட்டுவதற்கும் இதே அக்கறை வேண்டும். 2016-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், மாணவர் திட்டத்துக்காகப் பாலத்தில் ஒட்டப்பட்ட ஊசித்துளைக் கேமரா ஒன்றை வெடிகுண்டு என்று சந்தேகித்து நெடுஞ்சாலையையே மூடினார்கள். இடத்துக்கு உரியவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ‘மாணவர் புகைப்படத் திட்டம், உள்ளே தாள் மட்டும்’ என்று ஆங்கிலத்திலும் சுலு மொழியிலும் எழுதி, ஆசிரியரின் தொலைபேசி எண்ணோடு, மழையில் அழியாத நாடாவால் கேனின் மீது ஒட்டுங்கள். சாட்ஸ்வர்த் மாணவியின் தங்கை இந்த ஜூனில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறாள். கேன் வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது.