பேட்டன்ட்டுகளை எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டன்ட் தேடலைப் புதிதாகக் கற்கும் ஒருவர் போன வாரம் தான் வரைந்த வரைபடத்தைக் காட்டினார். ஒரு வகை பேட்டரியில் ஆண்டுக்கு எத்தனை விண்ணப்பங்கள் என்ற கோடு. பத்து வருடம் ஏறிக்கொண்டே போய், கடைசி இரண்டு வருடத்தில் தலைகுப்புற விழுந்திருந்தது. "இந்தத் துறை முடிஞ்சுபோச்சு போலிருக்கே" என்றார். எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் அதே போன்ற கோட்டை வரைந்து, அதே முடிவை நானும் சொல்லியிருக்கிறேன்.

எழுத்துப்பிழை, ஒரே ஒரு சொல்லை வைத்துத் தேடுவது போன்றவை நாலு நாள் பழகினால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் உரிமையைக் காப்புரிமை என்று எழுதினால் புத்தகத்தின் பதிப்புரிமையை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அதனால் இங்கே பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.

கோட்டின் கடைசிச் சரிவை நம்புவது

விண்ணப்பம் தாக்கல் செய்த அன்றே யாரும் அதைப் பார்க்க முடியாது. பெரும்பாலான நாடுகளில், முதன்முதலில் தாக்கல் செய்த நாளிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அது வெளியாகும். 2023 டிசம்பரில் கொடுத்த விண்ணப்பம் 2025 ஜூனில்தான் கண்ணில் படும். நீங்கள் 2025 ஜனவரியில் தேடினால், 2023இல் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். 2024இல் அநேகமாக ஒன்றும் இருக்காது. கோடு விழத்தான் செய்யும், எந்தத் துறையை எடுத்தாலும்.

தாமதம் அதோடும் நிற்பதில்லை. பிசிடி எனப்படும் சர்வதேச வழியில் போகிறவர்கள் தனித்தனி நாடுகளுக்குள் நுழைய 30 மாதம் வரை காத்திருக்கலாம். அதனால் நாடுவாரியாக எண்ணினால் கடைசி மூன்று ஆண்டுகளே குறைவாகத் தெரியும். அமெரிக்காவிலோ, வேறு நாட்டில் தாக்கல் செய்யாதவர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள முடியும். அது பேட்டன்ட் ஆனால்தான் வெளியே தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு சிறிய குழு, ஒரு சென்சார் வேலையைத் தொடர்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் வரைபடத்தை நீட்டி, ஆர்வம் வடிகிறது என்று அடித்துச் சொன்னேன். வேலை நின்றது. இரண்டு வருடம் கழித்து வேறு காரணத்துக்காக அதே தேடலை மறுபடி ஓட்டினேன். நான் சரிவு என்று காட்டிய அதே ஆண்டுகள், அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளைவிட உயர்ந்து நின்றன. அதற்குள் அந்தக் குழு கலைந்துபோயிருந்தது. இன்றைக்கும் பல இணையக் கருவிகள் அந்தக் கடைசிப் பகுதியை ஒரு புள்ளிக்கோடாகக்கூடக் காட்டாமல் மற்ற ஆண்டுகளைப் போலவே வரைகின்றன. பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது.

தப்பிக்க வழி உண்டு. கடைசி இரண்டு ஆண்டுகளை வெட்டிவிடுங்கள். நாடுவாரி என்றால் மூன்று. வெட்ட மனமில்லையா? உங்கள் துறையின் எண்ணிக்கையை, அதே தளத்தில் அதே ஆண்டுக்கான மொத்த விண்ணப்பங்களால் வகுத்துப் பாருங்கள். எல்லாத் துறையும் சேர்ந்து விழுந்திருந்தால் அது தாமதத்தின் வேலை. மொத்த எண்ணிக்கையையும் காட்டும் பேட்டன்ட்ஸ்கோப் (உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தேடல் தளம்) இதற்கு வசதி. பேட்டரிக்காரரை உட்காரவைத்து வகுக்கச் சொன்னேன். சரிவு காணாமல் போனது. கோடு கிட்டத்தட்ட மட்டமாகப் போனது.

அப்புறம், தேடிய தேதியைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஓட்டிப் பார்த்தால் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கே தெரியும்.

ஏ1 என்றால் பேட்டன்ட் என்று நினைப்பது

பேட்டன்ட் ஆவணத்தின் எண்ணுக்குக் கடைசியில் வரும் ஏ1, பி2 போன்ற குறிகளைப் பலர் பார்ப்பதே இல்லை. அமெரிக்க ஆவணத்தில் ஏ1 என்பது வெளியான விண்ணப்பம் மட்டுமே. பி1, பி2 இரண்டும் வழங்கப்பட்டவை. ஐரோப்பிய ஆவணத்தில் பி2 என்றால் வேறு: எதிர்ப்பு வந்து திருத்தப்பட்ட பேட்டன்ட். ஒரு நாட்டின் குறியை இன்னொரு நாட்டுக்குப் பொருத்தாதீர்கள்.

தலைப்பைப் படித்து முடிவு கட்டுவது

இணையத்தில் அடிக்கடி சுற்றும் ஒன்று, 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட 5,443,036 என்ற எண்ணுள்ள பேட்டன்ட். தலைப்பு: பூனைக்கு உடற்பயிற்சி கொடுக்கும் முறை. பூனையோடு விளையாடுவதற்கே தடை என்று பகிர்ந்து கோபப்படுகிறார்கள். உரிமை எதுவரை என்பதை, ஆவணத்தின் உள்ளே எண்ணிட்டு எழுதியிருக்கும் க்ளெய்ம்தான் சொல்லும். முதல் க்ளெய்மில் கையில் பிடிக்கும் லேசர் கருவி வேண்டும், பூனையைக் கட்டிப்போட்டிருக்கக் கூடாது, ஒளிக்கற்றை அதற்கு எட்டாமல் நகர்ந்து அதை ஓடவைக்க வேண்டும். நூல்கண்டை உருட்டுகிறவருக்கு இதில் சம்பந்தமே இல்லை.

ஒரே கண்டுபிடிப்பைப் பல தடவை எண்ணுவது

ஐந்து நாட்டில் தாக்கல் செய்தால் ஐந்து ஆவணம். கண்டுபிடிப்பு ஒன்றுதான். ஒரே கண்டுபிடிப்பின் அந்த ஆவணங்களைச் சேர்த்துக் குடும்பம் என்பார்கள். குடும்பமாக எண்ணுங்கள்.

நாடுகளின் மொத்தத்தைத் திறமைப் பட்டியலாக வாசிப்பது

2023இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 35 லட்சம் விண்ணப்பங்கள். கிட்டத்தட்ட பாதி சீன அலுவலகத்தில். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சீனர்களே உள்நாட்டில் கொடுத்தவை. குறைந்தது இரண்டு நாட்டிலாவது தாக்கல் செய்த குடும்பங்களை மட்டும் எடுத்தால் படமே மாறும். வெளிநாட்டில் செலவு செய்யத் துணிந்த கண்டுபிடிப்பை அப்படிச் செய்யாததோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கூகுள் டிரெண்ட்ஸில் 100

பேட்டன்ட் வரைபடத்தோடு, ஒரு சொல் கூகுளில் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் இந்தக் கோட்டையும் வைத்தால், அதில் வரும் 100 ஆட்களின் எண்ணிக்கை இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சம்.

'ஆக்டிவ்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது

கூகுளின் தேடல் தளமான கூகுள் பேட்டன்ட்ஸ், பேட்டன்ட் இன்னும் செல்லுபடியாகிறது என்று காட்டும் அந்த நிலையைத் தன் ஊகம் என்றும், சட்ட முடிவு இல்லை என்றும் அங்கேயே குறிப்பிடுகிறது. பேட்டன்ட்டின் ஆயுள் பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆனால் கட்டணம் கட்டாவிட்டால் முன்பே காலாவதியாகும். அமெரிக்காவில் அது வழங்கிய நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டியது. பணம் போடப்போகிறீர்கள் என்றால், எண்ணை எடுத்துக்கொண்டு, வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டிலேயே போய்ப் பாருங்கள்.